நகராத புள்ளி

முதலில் மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்ப்பேன்.
வேட்டி வெள்ளையானால்
மஞ்சள் மஞ்சளாகும், அரக்கு அரக்காகும்,
மண்டபத்து டியூப்லைட் பூசிய பச்சை
எல்லார் கன்னத்திலிருந்தும் இறங்கிவிடும்.
பணகுடியில் இது என் தொழில்.
ஆல்பத்துக்கு நாற்பது பக்கம், பக்கத்துக்கு இவ்வளவு.

செவ்வாயில் வேட்டி கிடையாது.
அதனால் அந்த வண்டி
முதுகில் வண்ணப் பொத்தான்களைச் சுமந்து போயிருக்கிறது.
இங்கே இருந்தபோது என்ன நிறம் என்று
அளந்து எழுதிவைத்த பொத்தான்கள்.
முதலில் அவற்றை ஒரு படம்,
அப்புறந்தான் பாறையை.
பொத்தான் மேலும் தூசி படிகிறது.
அந்தத் தூசிக்கும் ஒருவர் எங்கோ
கணக்கு வைத்திருப்பார்.

ராத்திரி கடை சாத்திய பிறகு
அந்தப் படங்களை இறக்குகிறேன்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறார்கள்.
எடுத்துக்கொள்கிறேன்.
யாரும் கேட்கவில்லை, யாரும் தருவதில்லை.
கரண்ட் பில்லைப் பார்த்து
ஞானசிகாமணி அண்ணன் மட்டும் கேட்டார்:
"அங்கயும் கல்யாண சீசனா?"

ஊரைச் சுற்றி இத்தனை காற்றாடி.
ஆடியில் கூரைத் தகரம் நிற்காமல் அடிக்கும்.
இருந்தும் பாதிப் படத்தில் கரண்ட் போகும்.
ஒரு பள்ளத்தாக்கின் மேல்பாதி மட்டும்
கண்ணுக்குள் நிற்க
மெழுகுவர்த்தி தேடியிருக்கிறேன்.

பகலில் மகேந்திரகிரிக்காரர்கள் வருவார்கள்,
அடையாள அட்டைக்குப் படம் எடுக்க.
ராக்கெட் எஞ்சினைக் கொளுத்திப் பார்க்கிறவர்கள்.
"காது ரெண்டும் தெரியணும் சார்" என்பேன்.
திருப்பிக்கொள்வார்கள்.
ஒருவர் சொன்னார், தீ எரிவது சில நொடிதான்,
அதைக் கேமரா நாள்கணக்காக ஆக்கித் தரும் என்று.
அதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.
இன்னொரு தடவை எடுத்தேன்.

நானாகக் கற்றது ஒன்று:
கரும்புள்ளி கல்லா, கண்ணாடியில் அழுக்கா
என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது.
அடுத்த படத்தைப் பார்க்க வேண்டும்.
கேமரா திரும்பிய பிறகும்
அதே மூலையில் உட்கார்ந்திருந்தால்
அது கேமராவுடையது.
நகர்ந்திருந்தால்
அது அங்கே இருக்கிறது.

பேச்சிச்செல்வி கல்யாணம், ஆயிரத்து எண்ணூறு படம்.
அவள் அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னாவ:
"புருவத்து மேல அந்தத் தழும்ப எடுத்துருங்க.
மூக்குப் பக்கத்து மருவையும்."
எடுத்தேன்.
ஒவ்வொரு படத்திலும் எடுத்தேன்.
தழும்பு எல்லாப் படத்திலும்
அவளோடேதான் நகர்ந்தது.

கடைசியில் வாசல் படம்.
சீரியல் பல்பு வளைவு, நாற்பது பேர்,
கதவு அரை நொடி திறந்திருந்த ராத்திரிப் படம்.
வளைவுக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு.
செத்த பிக்சல் என்று பிரஷ்ஷைக் கொண்டுபோனேன்.
பழக்கத்தில் அடுத்த படத்தைத் திறந்தேன்.
கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தது.
வளைவோடு சேர்ந்து
பொட்டும் சாய்ந்திருந்தது.

தேதி போட்டுப் பார்த்தேன், கிழக்கு, எட்டரை மணி.
அதேதான்.
அங்கே வண்டி அப்போது
பொத்தானைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததோ என்னவோ.
பிரஷ்ஷை மூடினேன்.

ஆல்பம் வாங்க அவள் தனியாக வந்தாள்.
விரல் முதலில் புருவத்துக்குப் போனது,
படத்திலிருந்த புருவத்துக்கு.
அப்புறம் தன்னுடையதற்கு.
பக்கங்களைப் புரட்டி
வாசல் படத்தில் நின்றாள்.
"இத மட்டும் விட்டுட்டியளே அக்கா."

சொல்வதற்கு என்னிடம் எல்லா விளக்கமும் இருந்தது,
கிழக்கு, எட்டரை மணி, எல்லாம்.
சொல்லவில்லை.
பென்டிரைவை வாங்கி
தொடாத படங்களை ஏற்றிக் கொடுத்தேன்,
ஆயிரத்து எண்ணூறும்.
அதில் எல்லார் கன்னமும்
பச்சையாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.